கோச்சிப் பாட்டுக்காரி

பெலிசிற்றா பாடின பாட்டுகளிலை
பாதிக்கு மேலை கோச்சிதான்.
மிச்சத்திலை விஸ்கி, மறியல் வீடு,
ஆரோ ஒருத்தன் கதவைச் சாத்திப்போட்டுப் போறது.
நான் பேஸ் கிற்றார். நாலு கம்பி.
பகலிலை குருநகர் ஐஸ் பைக்ற்றறி;
விறைச்ச விரலோடையே வந்து வாசிப்பன்.

குழுவுக்குப் பேர் பல்மைறா பிரதர்ஸ்.
பாடினது ஒரு சிஸ்டர்.
எழுபத்தைஞ்சிலை, பாசையூரிலை ஒரு கலியாண வீடு.
தொண்டையை உடைச்சு உடைச்சு
அவள் அந்த ஊளைப் பாட்டை எடுக்க
மாப்பிள்ளையின்ரை தேப்பன் பதறி எழும்பி
"பிள்ளைக்குச் சோடா குடுங்கோடா" எண்டார்.
அதுக்குப் பிறகு பாட்டு நல்லா வந்தால்
நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து
"சோடா" எண்டுவம்.

இங்கிலீசு அரைகுறை.
ரேடியோவிலை கேட்டதைக் கொப்பியிலை
தமிழ் எழுத்திலை எழுதி வைப்பாள்.
டெனசி எண்டது ஒரு பெட்டையின்ரை பேர் எண்டு
ஏழு வருசம் நம்பினாள்.
அந்தப் பெட்டைக்காக மேடையிலை
உண்மையாவே அழுவாள்.
எனக்குத் தெரியும். நான் திருத்தேல்லை.

கொழும்பு ஹொட்டலிலை, ஒரு வெள்ளைக்காரன்
கடதாசியிலை படம் கீறிக் காட்டினான்.
அண்டிரவு முழுக்க
என்னோடை அவள் கதைக்கேல்லை.
முதலாளி தொப்பி வைக்கச் சொன்னான், வைச்சாள்.
பூட்ஸ் போடச் சொன்னான், கால் கொப்பளிச்சது.
சம்பளத்தைக் கூட்டச் சொன்னாள், அவன் சிரிச்சான்.
எண்பத்திமூண்டு ஆடியிலை
காங்கேசன்துறைக்கு வந்த கப்பலாலை
தொப்பியுமில்லாமல் பூட்ஸுமில்லாமல் இறங்கினாள்.
கொப்பி மட்டும் இடுப்பிலை.

பிறகு தொண்ணூறு.
கோச்சி நிண்டது. கரண்ட் நிண்டது. பற்றரிக்குத் தடை.
மெல்லிய கம்பிக்குத் தங்கூசி கட்டினம்,
தடிச்சதுக்குச் சைக்கிள் பிறேக் வயர்.
சைக்கிளைக் கவிட்டு வைச்சு
டைனமோ சுத்த ஒரு பெடியன்.
அவன் களைச்சால் மைக்கும் களைக்கும்;
கண்ணைத் திறக்காமலே
அந்தளவுக்குக் குரலைக் கூட்டுவாள்.
தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும்
பங்கருக்குக் கழட்டிக்கொண்டு போன காலத்திலைதான்
கோச்சிப் பாட்டுக்கு ஆகக்கூடின கைதட்டு.

ஒருநாள் ரெண்டு பேர் வந்து கேட்டாங்கள்:
"அக்கா, இது ஆற்றை பாட்டு?"
"வீட்டை விட்டு வெளிக்கிட்டவன்ரை பாட்டு, தம்பி."
எழுதிக்கொண்டு போனாங்கள்.
அந்த ஐப்பசி, மழைக்குள்ளை
ஊர் முழுக்க நாவற்குழிப் பாலத்திலை நெரிஞ்சுபோக
கிற்றாரைத் தலைக்கு மேலை பிடிச்சபடி நடந்தாள்.
பாடச் சொல்லி ஒருத்தரும் கேட்கேல்லை.

திரும்பி வந்தால் சென்றிப் பொயின்ற்.
பெட்டிக்குள்ளை என்ன எண்டான் ஆமிக்காரன்.
காட்டினாள். வாசி எண்டான்.
டெனசிப் பாட்டு.
ரெண்டாம் அடியிலை அவனும் சேர்ந்து முணுமுணுத்தான்.
கண் கொஞ்சம் கலங்கினமாதிரி.
அவனையும் ஆரும் திருத்தியிருக்க மாட்டினம்.
பெட்டியைச் சாத்திக்கொண்டு வந்திட்டாள்.

இருபத்துநாலு வருசம் கழிச்சுக் கோச்சி வந்த நாள்
ஸ்ரேசனிலை மேளம், மாலை, மந்திரிமார்.
இவளை ஆரும் கூப்பிடேல்லை.
சீனி வருத்தத்திலை ஒரு கால்விரல் போனவள்
ஓட்டோ பிடிச்சு வந்து
வேலிக்கு வெளியிலை நிண்டாள்.
ஹோர்ன் அடிச்சது.
சனமெல்லாம் கத்திச்சுது.
இவள் மட்டும் முகத்தைச் சுளிச்சாள்:
"அரைச் சுருதி கீழை."

இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தது.
"இவ்வளவு காலமும் கோச்சியைப்
பிழையான சுருதியிலை ஊதியிருக்கிறன்.
கிற்றாரை இறக்கிப்போட்டன். பேஸைக் கொண்டு வா."
மனிசி கத்தினாள். ஐஸ் பைக்ற்றறி மூடி எத்தினையோ வருசம்,
விரலிலை அந்த விறைப்பு இன்னும் இருக்கு.
உறையைத் தட்டித் துடைச்சன்.
மூண்டாம் கம்பி
இப்பவும் பிறேக் வயர்தான்.